குழாய் எட்டிய தூரம்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் என்னோடு படித்தவர்கள் சிலர் மெட்ராஸுக்கு பஸ் ஏறினார்கள். நான் கிணற்றுக்குள் இறங்கினேன்.

அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, சந்தோஷம்தான். என் கையில் காற்றால் ஓடும் கருவி இருந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்துக்கு அப்போதுதான் கம்ப்ரசர் செட் வந்திருந்தது. டிராக்டருக்குப் பின்னால் கோத்து இழுத்துவரும் பெரிய டீசல் இயந்திரம் அது. காற்றை இறுக்கிப் பிடித்து, கனத்த ரப்பர் குழாய் வழியே கிணற்றின் அடிக்கு அனுப்பும். குழாயின் மறுமுனையில் ஜாக்ஹாமர். அதன் வாயில் இரும்பு ராடைச் செருகி, பாறைமேல் நிறுத்தி, உடம்பின் கனத்தை அதன்மேல் சாய்த்தால் போதும். பாறை மாவாகி வெளியே பறக்கும். அப்படிப் போட்ட குழியில் மருந்தை வைத்து வெடிப்பார்கள். செட்டுக்குச் சொந்தக்காரருக்குக் காற்றழுத்தமானியின் முள்ளைப் பார்த்துப் படிக்கிற ஆள் ஒருவன் வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அந்த மாதிரிப் படித்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் தெரு என்றால் ஊருக்கு வெளியே, சிறிய ஓட்டுக்கூரைச் சர்ச்சைச் சுற்றியிருக்கும் வீடுகள். அங்கிருப்பவர்களுக்கு நிலம் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் நடவு, அறுப்பு, கோடை வந்தால் கிணறு வெட்டு. என் அக்கா புருஷன் அந்தக் கிணறு வெட்டும் கூட்டத்துக்குத் தலைவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அவருடைய ஆயுதங்கள் கடப்பாரை, சம்மட்டி, நீள உளி. ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டியால் அடிப்பார்கள். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி விழ காலையிலிருந்து கஞ்சி வேளை வரை ஆகும். எனக்கு ஒரு பீடி புகைகிற நேரம் போதும்.

இதைச் சொல்லிக் காட்டாமல் என்னால் இருக்க முடியுமா?

"மாமா, நீ ஒரு குழி போட்றதுக்குள்ள நான் உத்திரமேரூர் போயி டீ குட்ச்சிட்டு வந்துடுவேன்."

"போய்ட்டு வாயேன் தொரை. உன் மிசினு உன்ன உடுமா? பின்னால வாலு கட்டிக்கினு கீறியே!" என்று குழாயைக் காலால் எத்தினார். "எங் கடப்பாரையப் பாரு. வாலும் இல்ல, டீசலும் இல்ல. தோள்ல போட்டுக்கினா மதுராந்தகம் வரைக்கும் போவும்."

"தோள்ல தூக்கிக்கினு போறது யாரு?"

"நான்தான்."

"அப்ப அதுக்கு நீதான் வாலு."

கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்த அக்கா சிரித்த சிரிப்பில் பாதி ஜல்லி திரும்பக் கீழே கொட்டிவிட்டது. "ரெண்டு வாலுங்களும் சேந்து எனக்கு வேல வெக்கிதுங்க பாரு" என்றாள்.

சிரித்துவிட்டேனே தவிர, வால் என்று அவர் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மைதான். குழாய் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரம்தான் நான். அது எங்காவது பிய்ந்தால், பிய்ந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் கம்பி சுற்றி இணைப்பார்கள். ஒவ்வொரு தரம் இணைக்கும்போதும் என் உலகம் ஒரு முழம் குறையும். கிணற்றுக்குள் காற்று அசையாது. நான்கு பக்கமும் பாறை, நடுவில் நான், காதுக்குள் இயந்திரம். பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் குழாயே எங்களுக்குப் பாஷை. கீழிருந்து ஒரு தரம் இழுத்தால் காற்றைத் திற. இரண்டு தரம் இழுத்தால் நிறுத்து. மேலே இயந்திரத்தின் பக்கத்தில் இருப்பவன் குழாயின்மேல் ஒரு கையை வைத்தபடியே உட்கார்ந்திருப்பான்.

ஒரு சாயங்காலம் டார்ச் லைட்டுக்கு செல் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. இது தன் மின்சாரத்தைத் தானே வயிற்றில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் வருகிறது. துளை போடும் கருவி மட்டும் ஏன் இப்படி வரக்கூடாது? குழாய் இல்லை, ஒயர் இல்லை, கையில் எடுத்தால் சுற்ற வேண்டும். மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எத்தினி செல்லு வோணும்?"

"தெரியல. பெருசா ஒரு பேட்டரி."

"அத்த மாட்டு வண்டியில ஏத்தியாந்து உன் பின்னாலயே நிறுத்தணும். மறுபடியும் வாலுதானே மச்சான்."

என் கணக்கு வேறாக இருந்தது. இந்த மாதிரிக் கருவிகளைச் செய்கிற இடத்துக்கே போய்விட வேண்டும். மெட்ராஸில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மிச்சமிருந்தது உடம்பைப் பார்ப்பது மட்டும். அதற்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு உடம்பில் என்ன குறை? நாள் முழுக்க ஜாக்ஹாமர் பிடிக்கிறவன். திருப்புலிவனத்தைத் தாண்டி அப்போது வெட்டிக்கொண்டிருந்த கிணறுதான் நான் இறங்கும் கடைசிக் கிணறு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அக்கா மட்டும், "போவும்போது சொல்லு" என்றாள்.

அந்தக் கிணற்றுக்காரர் பரம்பரையாக நிலம் வைத்திருப்பவர். எங்கள் ஆட்கள் அவரை 'ஆண்டே' என்று கூப்பிடுவார்கள். நான் 'சார்' என்பேன். படித்தவன் என்பதால் அதை அவரால் தப்பு என்று சொல்லவும் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளவும் முடியவில்லை. நான் சார் என்னும் ஒவ்வொரு தரமும் கழுத்துத் துண்டை உதறிப் போட்டுக்கொள்வார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெட்டுகிற வரை கிணறு எங்களுடையது. நாங்கள் உள்ளேயே சாப்பிடுவோம், உள்ளேயே துப்புவோம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஊற்று கண்டதும் அது அவர்களுடையது. "தண்ணி" என்று ஒருவன் கத்திவிட்டால், எல்லோரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். மேட்டில் தேங்காய் உடைத்து, வெட்டினவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேட்டி, ஒரு துண்டு தருவார்கள். அந்த வீட்டு அம்மா இறங்கி முதல் குடத்தை மொண்டுகொள்வார். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரில் எங்கள் விரல்கூடப் படக்கூடாது.

கிணறு சதுரமாக, அகலமாக இருந்தது. ஓரத்தில் படி வெட்டியிருந்தார்கள். அடியில் ஈசானிய மூலையில் மட்டும் இன்னும் ஆழமாக, நான்கு பேர் நெருக்கியடித்து நிற்கக்கூடிய ஒரு குழி. அன்று காலை நான் அந்தக் குழிக்குள் நின்று ராடை இறக்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் வெடித்த பாறையை மாமா கடப்பாரையால் தட்டிப் பார்த்திருந்தார். நானும் பார்த்தேன். கெட்டியாகத்தான் சத்தம் கேட்டது.

திடீரென்று ராடு கையை விட்டுச் சடக்கென்று உள்ளே போனது. அடுத்த நொடி குழியிலிருந்து காற்றும் தண்ணீரும் கலந்து என் முகத்தில் பீய்ச்சி அடித்தது. சில்லென்ற தண்ணீர்! வாயில் விழுந்ததைத் துப்பக்கூடத் தோன்றவில்லை.

"தண்ணி!" என்று கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. என் முகம் நனைந்திருந்ததைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். மாமா ஒரு குதி குதித்தார். கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் வழக்கப்படி படிமேல் ஏறினார்கள். நான் மட்டும் நின்றேன். ராடு பாறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. இரவல் கருவியைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஏற எனக்கு மனசு வரவில்லை. ஜாக்ஹாமரைக் கட்டிப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பக்கச் சுவரிலிருந்து ஒரு பலகைக்கல் இறங்கியது. விழவில்லை, வழுக்கியது. அவசரமே இல்லாமல் வந்து என் இடது பாதத்தின்மேல் உட்கார்ந்தது. ஜாக்ஹாமரையும் சாய்த்து, குழாயையும் தரையோடு அமுக்கிக்கொண்டது.

முதலில் வலி தெரியவில்லை. காலை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. அவ்வளவுதான் தெரிந்தது. குழாயை இரண்டு தரம் இழுத்தேன். இழுப்பு கல்லோடு நின்றுவிட்டது. கல்லுக்கு இந்தப் பக்கம் நான் இழுப்பது, கல்லுக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை. மேலே இருப்பவன் கைக்கு அது தெரிந்தால்தானே காற்றை நிறுத்துவான்! மறுபடி இழுத்தேன். மறுபடியும். கத்தினேன். மேலே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளாக அந்தச் சத்தம் எனக்குப் பெருமை. அன்று அது ஒரு மூடி மாதிரி கிணற்றின்மேல் கிடந்தது.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. நான் திறந்துவிட்ட தண்ணீர்தான். குழி சின்னது என்பதால் கண்ணெதிரே ஏறியது. மேட்டில் தலைகள் தெரிந்தன, எல்லாமே முதுகு திரும்பியிருந்தன. கற்பூரப் புகை கொஞ்சம் மேலே போனது. கீழே ஒருவன் இருக்கிறான் என்று யாருக்கும் நினைப்பு வரவில்லை, வரவும் நியாயமில்லை. ஊற்று கண்டால் கீழே யாரும் இருக்க மாட்டார்கள் என்பதுதானே வழக்கம்! பக்கத்தில் கிடந்த ஜல்லியை எடுத்து மேலே எறிந்தேன். பாதி உயரம்கூடப் போகவில்லை. தண்ணீர் ஆடுசதைக்கு வந்தபோது அழுகை வந்தது. மெட்ராஸ் போகிறவன் அழக்கூடாது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது ஒரு வேட்டி. கிணற்றுக்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தபோது, தட்டில் ஒன்று மிஞ்சியது. "இது யாருது?" என்றாராம். அக்கா அந்த வேட்டியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள். அப்புறம் யாரையும் கேட்கவில்லை. படிகளில் அவள் ஓடிவருவதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏசப்பா! டேய், இன்னாடா இது!"

"கால் மாட்டிக்கிச்சி. மிசின நிறுத்தச் சொல்லு."

அவள் மேலே பார்த்துக் கைகளை ஆட்டிய ஆட்டத்தில் இயந்திரம் நின்றது. அந்த அமைதி வந்தபிறகுதான் காலில் வலி ஏறியது.

மாமா கடப்பாரையோடு இறங்கினார். பின்னாலேயே கிணற்றுக்காரரின் குரல், மேட்டிலிருந்து.

"டேய்! தண்ணி கண்டாச்சி, எதுக்குடா எறங்கறீங்க? தேங்கா ஒடச்சாச்சி, வூட்டுல கொடத்த எட்துகினு நிக்கிறாங்க!"

"பையன் காலு மாட்டிக்கினு கீது ஆண்டே."

"எங்க?"

"தண்ணியிலதான்."

அவர் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். "சீக்கிரம் எட்துத் தொலைங்கடா" என்றார் அப்புறம். என் காலை நினைத்துச் சொன்னாரா, தண்ணீரை நினைத்துச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மாமா கல்லின் ஒரு ஓரத்தில் கடப்பாரையைச் செருகி நெம்பினார். அந்த ஓரம் எழும்பியது. எதிர் ஓரம் அழுத்தியது. என் கால் அந்த எதிர் ஓரத்தில் இருந்தது. நான் போட்ட கூச்சலில் அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார். என் பக்கம் செருகலாம் என்றால் சுவருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கடப்பாரையைச் சாய்க்க இடமில்லை. சரி, கல்லைப் பிளக்கலாம் என்று உளியை வைத்து சம்மட்டியால் ஒரு அடி. கல்லில் விழுந்த அடி நேராக என் எலும்புக்கு வந்தது.

"வேணாம் மாமா, வேணாம்!"

"அப்ப உன் மிசினயே கூப்ட்றதா?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நெற்றி முழுக்க வேர்த்திருந்தது.

என் மிஷின் கல்லுக்கு அடியில் கிடந்தது. குழாயை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். இழுத்த இழுப்பில் கல்லின் விளிம்பு அதை அறுத்துவிட்டது. நீளம் போதாமல் ஏற்கெனவே விறைத்திருந்த குழாய் என்பதால், அறுந்த முனை எகிறி எங்கள் தலைக்கு மேலே தொங்கியது. கையை எக்கினாலும் எட்டவில்லை. மேட்டில் ஒரு தொட்டி நிறைய இறுக்கிப் பிடித்த காற்று. இங்கே முழங்காலைத் தொடும் தண்ணீர். நடுவில் எட்டாத குழாய். கடப்பாரை எங்கே வேண்டுமானாலும் வரும், ஆனால் அதற்குப் பலம் போதாது. கம்ப்ரசருக்கு மலையையே தூக்கும் பலம், ஆனால் அதனால் வர முடியாது. காற்று வேண்டும், குழாய் இல்லாத காற்று! இதே வார்த்தையை டார்ச் லைட்டைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

"சைக்கிளு" என்றேன்.

"இன்னா?"

"சார் சைக்கிளு. மேட்டுல நிக்கிது. அதுல டியூபு கழட்டு. பம்பும் கீது."

மாமா என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "மச்சான், ஜுரமா?"

"ஒரு ஆளு, பின்னால நெல்லு மூட்ட, முன்னால புள்ள. எல்லாத்தையும் எது தூக்குது? அந்தக் காத்துதானே! டியூப மடிச்சி கல்லு அடியில சொருவு. காத்தடி. கடப்பாரை ஒரு ஓரத்ததான் தூக்குது. காத்து பரவலாத் தூக்கும்."

"சைக்கிள் காத்துல மலையத் தூக்கப் போறியாடா!"

"கேக்கறானே, குட்த்துத் தொலையேன்!" என்று அக்கா அவர்மேல் பாய்ந்தாள்.

சைக்கிள் டியூப் கேட்டதும் மேலே கொஞ்சம் தகராறு. புது சைக்கிள் அது. ஆனால் குடத்தோடு நிற்கிற அம்மா ஏதோ சொன்னார். கிணற்றுக்காரரே சக்கரத்தைக் கழற்றினார் என்று பிறகு சொன்னார்கள். டியூபும் பம்பும் கயிற்றில் இறங்கி வந்தன.

கல்லுக்கு அடியில், என் காலை ஒட்டிய இடுக்கில், மடித்த டியூபை மாமா விரலாலும் உளியின் பின்பக்கத்தாலும் திணித்தார். வால்வு மட்டும் வெளியே. அக்கா பம்பை முழங்கால் தண்ணீருக்கு மேலே, தன் தொடைமேல் நிறுத்திக்கொண்டு அடித்தாள். டியூப் உப்பியது. கல் அசைந்தது! அசைந்ததை நான் காலால் பார்த்தேன். அடுத்த அடியில் டமார் என்றது. பாறை முனை குத்தி டியூப் வெடித்துவிட்டது. கல் திரும்ப உட்கார்ந்தது.

அந்த நேரத்தை எழுத எனக்கு இஷ்டமில்லை. தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் மண்ணெண்ணெய் டின்னால் மொண்டு குழிக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊற்றினது வேறு வழியாகத் திரும்பி வந்தது. ஒருவன் தாழ்ந்த குரலில் காலை வெட்டுவது பற்றி ஏதோ சொன்னான். மாமா அவனைப் பார்த்த பார்வையில் அவன் டின்னோடு விலகிக்கொண்டான்.

"இன்னொரு சக்கரம் கீது இல்ல?" என்றாள் அக்கா.

இரண்டாவது டியூபை ஈரச் சாக்கில் இரண்டு சுற்று சுற்றினோம். மாமா இந்தத் தரம் கேலி செய்யவில்லை. கடப்பாரையைத் தூக்கித் தன் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டார்.

"கல்லு எத்தினி எழும்புதோ அத்தினிக்கு நான் சில்லு சொருவறேன். டியூபு போனாலும் கல்லு எறங்காது. அடி."

அக்கா அடித்தாள். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. கல் எழுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. மாமா கடப்பாரையின் முனையால் சின்னச் சின்னக் கல்சில்லுகளை இடுக்கில் தள்ளிக்கொண்டே வந்தார். ஒன்று உள்ளே போனால் "ம்" என்பார். அக்கா மறுபடி அடிப்பாள். அப்படி எத்தனை 'ம்' என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு 'ம்'முக்கு அப்புறம் என் குதிகால் திரும்பியது.

"இழு!"

இழுத்தேன். கால் வந்தது. முழுதாக வந்தது என்று சொல்ல முடியாது. தண்ணீர் சிவந்தது.

மாமா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறினார். பாதி வழியில், "ஒன்னயும் தூக்கிக்கினு மதுராந்தகம் வரைக்கும் போவலாம்டா" என்றார். எனக்குச் சிரிப்பும் வாந்தியும் ஒன்றாக வந்தது.

மேட்டில் அந்த மிச்ச வேட்டி தட்டிலேயே இருந்தது. அதன்மேல் வைத்திருந்த புதுத் துண்டை அக்கா எடுத்துச் சரக்கென்று கிழித்தாள். காலைச் சுற்றிக் கட்டினாள். கிணற்றுக்காரர் வண்டி கட்டச் சொன்னார். அவருடைய வண்டிதான், அவருடைய மாடுதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வண்டியில் படுத்துக்கொண்டு நான் பார்த்தது ஒன்று உண்டு. அவருடைய பங்காளிகள் வாளிகளோடு கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நின்ற தண்ணீரை முழுக்க இறைத்துக் கொட்டிவிட்டு, மஞ்சள் நீர் தெளித்து, பிறகுதான் முதல் குடம். அந்தத் தண்ணீரை இறைக்க மட்டும் எங்கள் ஆட்களைக் கூப்பிடவில்லை. வண்டி நகர்ந்தபோது வாய்க்காலில் என் ரத்தம் கலந்த தண்ணீர் கூடவே கொஞ்ச தூரம் வந்தது.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மீதியைக் காப்பாற்றினார்கள். அடுத்த வாரம் நான் சொன்னபடி மெட்ராஸ் போனேன். மாமா கூட வந்தார். கட்டோடு போகாதே என்று அக்கா சொன்னதை நான் கேட்கவில்லை. உடம்பு பார்க்கும் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். நல்ல மனுஷர். "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். ஜாக்ஹாமர், சைக்கிள் டியூப் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "உன் மூளைக்கு வேலை கொடுக்கலாம்பா" என்றார். "ஆனா நாள் முழுக்க மிஷின் முன்னாடி நிக்கறது இந்தக் கால்தான்." திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார். வாலாஜாபாத் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

செட்டுக்காரர் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கீழே இறங்க முடியாது என்பதால் மேலே, இயந்திரத்தின் பக்கத்தில். முள்ளைப் பார்ப்பது, டீசல் ஊற்றுவது, குழாயின்மேல் கை வைத்திருப்பது. கீழே ஜாக்ஹாமர் பிடிப்பவர் யார் என்றால், என் மாமா. கடப்பாரையை விட்டுவிட்டாயா என்று கேட்டால், "அது வூட்ல தூங்குது. அதுக்கும் வயசாவுது இல்ல?" என்பார். நாள் முழுக்கப் புழுதியில் நின்றுவிட்டு மேலே வரும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பழைய நான்தான் ஏறி வருகிறேனோ என்று தோன்றும்.

நான் செய்த முதல் வேலை, பழைய குழாயைத் தூக்கி எறியச் சொல்லிப் புதிதாக நீளக் குழாய் வாங்க வைத்தது. இப்போது எந்தக் கிணற்றின் எந்த மூலைக்கும் அது எட்டும். என்னைத்தான் அது எங்கும் விடுவதில்லை.

போன கோடையில் அந்தக் கிணற்றுப் பக்கமாக ஒரு வேலை. இப்போது அங்கே பம்புசெட் வைத்திருக்கிறார்கள், வாழை நிற்கிறது. வெயில் தாங்காமல் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மாதான் வந்தார். பக்கத்தில் இருந்த ஒருத்தியிடம், "இந்தப் பையன்தான் நம்ம கெணத்துல ஊத்து காட்னது" என்று பெருமையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே செம்பை உயரத் தூக்கி என் கையில் படாமல் ஊற்றினார். குனிந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் குடித்தேன். இனிப்பான தண்ணீர். முதலில் குடித்தவன் நான்தான் என்று வாய்வரை வந்தது, ராடு உள்ளே போன அன்றே வாய் நிறையக் குடித்திருந்தேன். சொல்லவில்லை. அப்போது கிணற்றுக்காரர் வந்தார். "இன்னாடா, காலு எப்பிடி கீது?" என்றார். "பரவால்ல சார்" என்றேன். துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

சென்ற மாதம் உத்திரமேரூர் நூலகத்தில் ஒரு பத்திரிகையில் பார்த்தேன். வெளிநாட்டில் பேட்டரியால் ஓடும் துளைப்பான் வந்துவிட்டதாம். ஒயர் இல்லை, குழாய் இல்லை. பேட்டரி பிடிக்குள்ளேயே இருக்கிறது. படத்தில் ஒருவன் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு சுவரைத் துளைக்கிறான், பின்னால் ஒன்றுமே தொங்கவில்லை. அந்தப் பக்கத்தை நான் எத்தனை நேரம் பார்த்தேன் என்று நூலகருக்குத்தான் தெரியும். பாறையைத் துளைக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. வரும்.

மறுநாள் கஞ்சி குடிக்க மேலே வந்த மாமாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வெங்காயத்தைக் கடித்தார்.

"மெய்யாலுமா? வாலே கிடையாதா?"

"கிடையாது."

"அப்ப நான் கீழ என் பாட்டுக்கு வேல செய்வேன். காத்து உட்றதுக்கு மேல ஆளு வோணாம்."

"வேணாம்."

"நீ இன்னா பண்ணுவே மச்சான்?"

கேலியாகக் கேட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அக்கா கஞ்சிச் சட்டியைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாமா வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் என் உள்ளங்கைக்குக் கீழே குழாய் ஒரு தரம் இழுபட்டது.

காற்றைத் திறந்தேன்.